பால்கட்டு

8 மார்ச் 1923, வியாழன்

டாக்டரம்மா இன்று எனக்கு ஒரு டைரி கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மருந்து விளம்பரம். இன்றைய பக்கத்தில் மூலத்துக்கு மருந்து. ஆரம்பமே அமர்க்களம்.

"செசிலியம்மா, தினமும் எத்தனை பொம்பளைகளைப் பாத்தீங்க, யாருக்கு என்னன்னு இதுல எழுதி வையுங்க. வாயால சொன்னா எனக்கு மனசுல நிக்க மாட்டேங்குது" என்றார்கள்.

"எனக்கு எழுதத் தெரியும்னு யார் சொன்னா டாக்டரம்மா?"

"மூணாப்பு படிச்சிருக்கேன்னு நீங்கதானே சொன்னீங்க."

மூன்றாம் வகுப்பில் நான் மூன்று வருஷம் இருந்தேன். ஆகையால் மூன்றாம் வகுப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அதைத் தாண்டித்தான் ஒன்றும் தெரியாது.

எழுதுவதென்றால் முதலிலிருந்து எழுத வேண்டும். இது தோணிமுனைத் துறைமுகம். இங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் போகிறது. மலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போகிற ஜனங்கள் மேற்கே பல ஊர்களிலிருந்தும் ரயிலில் வந்து இறங்குவார்கள். அந்த ஊர்களில் எங்காவது பிளேக்கு இருக்கும். அதனால் ஏழு நாள் இந்தக் கேம்பில் தங்கவைத்து, காய்ச்சல் இல்லை, கட்டி இல்லை என்று பார்த்த பிறகே கப்பலில் ஏற்றுவார்கள். பிளேக்குக் கட்டி கழுத்தில் வரும், அக்குளில் வரும், தொடை இடுக்கில் வரும். ஆண்களை ஆண்கள் தடவிப் பார்ப்பார்கள். பெண்களைத் தடவிப் பார்க்க நான். பன்னிரண்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

திரைக்கு உள்ளே நானும் அந்தப் பெண்ணும். திரைக்கு வெளியே எழுத்தர். நான் "நல்லது" என்று குரல் கொடுத்தால் அவர் பேருக்கு நேரே ஒரு கோடு போடுவார். குரல் கொடுக்காவிட்டால் டாக்டரம்மா உள்ளே வருவார்கள். இவ்வளவுதான்.

ரோசாலியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. இந்த மாதக் கடைசியில் பேறு. "அம்மா, போன தடவை மாதிரி செய்து விடாதே" என்று எழுதியிருக்கிறாள். போன தடவை எனக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளை எட்டு நாள் இருந்து போய்விட்டது. என் மகள் கொழும்பில் தனியாகக் கிடந்து அழுதாள், நான் இங்கே ஊரான் வீட்டுப் பெண்களைத் தடவிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. 17ஆம் தேதி சனிக்கிழமைக் கப்பல். பேறுகால மருந்து இடித்தாகிவிட்டது. சுக்கு, மிளகு, திப்பிலி. டைரியில் உள்ள மருந்தெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்குமா?

9 மார்ச், வெள்ளி

இன்று பார்த்தது இருபத்தாறு பேர். ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

இந்த வேலைக்குக் கையைவிட வாய்தான் முக்கியம். புருஷனிடம்கூட முகம் காட்டாத பெண்ணிடம் போய் "கையைத் தூக்கு, சேலையை நெகிழ்த்து" என்றால் கல்லாகிப் போவாள். சிரிக்க வைத்துவிட்டால் கை தானாகத் தூக்கும்.

"தூக்குட்டி கையை. கக்கத்துல என்ன புதையலா வச்சிருக்க?"

"கூசுதுக்கா!"

"கூசுனா உசிரு இருக்குன்னு அர்த்தம். நல்லது!"

டாக்டரம்மாவுக்கு என் பேச்சு பிடிக்கும், பிடிக்காத மாதிரி இருப்பார்கள். பேர் சுகிர்தம். பாளையங்கோட்டைப் பக்கம். மெட்ராஸில் படித்தவர்கள். இருபத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. இந்த இரண்டையும் நான் அடிக்கடி ஞாபகப்படுத்துவேன்.

தவசு கால வெள்ளி. சாயங்காலம் சிலுவைப் பாதைக்குப் போனேன். முழங்கால் இரண்டும் என்னோடு சண்டை.

10 மார்ச், சனி

காலை ரயிலில் நாற்பத்தொரு பெண்கள். மேற்கே மலையடிவாரத்து ஜனம். எல்லாம் தைப்பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் மாதிரி புழுதி பூசி வந்திருந்தார்கள்.

ஆவிப்பெட்டி தொம்மை அண்ணாச்சிக்குத்தான் வேலை அதிகம். வந்தவர்களின் துணிமூட்டை எல்லாவற்றையும் அந்தப் பெரிய இரும்புப் பெட்டியில் போட்டு ஆவியில் வேகவைக்க வேண்டும். அதில் உள்ள தெள்ளுப் பூச்சி சாக வேண்டுமாம். எலி மேலே இருக்கிற தெள்ளுதான் பிளேக்கைக் கொண்டுவருகிறது என்று டாக்டரம்மா எங்களுக்கெல்லாம் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். படத்தில் தெள்ளு எருமை அளவு இருந்தது. "இவ்வளவு பெருசுன்னா கண்ணுல படாமலா இருக்கும்?" என்று அண்ணாச்சி கேட்டார்.

முப்பத்து மூன்றாவதாக ஒரு பெண் வந்தாள். பேர் மூக்காயி. இருபது வயது இருக்கும். புருஷன் முன்னமே தோட்டத்துக்குப் போய்விட்டானாம். உள்ளே வந்ததும் மல்லிகை வாசம். தலையில் ஒரு பூ இல்லை. "எங்கட்டி ஒளிச்சு வச்சிருக்க பூவை?" என்று சேலையை நெகிழ்த்தினேன். மார்பில் மல்லிகையை வைத்துத் துணியால் இறுகக் கட்டியிருந்தாள். வாடிக் கறுத்த பூ.

நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன். பால் வற்றுவதற்குத்தான் அப்படிக் கட்டுவார்கள். குடிக்கப் பிள்ளை இல்லாத பால்.

"எத்தன நாளாச்சு?"

"இன்னையோட ஆறு நா."

"ஆணா பொண்ணா?"

"ஆம்பளப் பிள்ள."

வலது அக்குளில் ஒரு கட்டி இருந்தது. கோலிக்குண்டு அளவு. தொட்டதும் சுளித்தாள். உடம்பு சுட்டது. நான் குரல் கொடுக்கவில்லை. டாக்டரம்மா காய்ச்சல் குழாயோடு வந்தார்கள்.

"நூறு இருக்கே செசிலியம்மா. கட்டியும் இருக்கு."

"பால் கட்டிக்கிட்டா நூறு அடிக்காம பனியா கொட்டும்? மாருல கட்டுன பால் கக்கம் வரைக்கும் ஏறும் டாக்டரம்மா. ரோசாலி பொறந்தப்ப எனக்கு எலுமிச்சங்கா மாதிரி இருந்துச்சு."

"இருந்தாலும் தனி ஷெட்டுல வச்சு நாலு நாள் பாத்தா…"

பிளேக்கு ஷெட் என்றால் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒற்றைக் குடிசை. பிள்ளையைப் புதைத்து ஆறு நாள் ஆனவளை அதில் தனியாகப் போடவா? எனக்குக் கொழும்பில் தனியாகக் கிடந்தவள் ஞாபகம் வந்துவிட்டது.

"பால்கட்டு எப்படி இருக்கும்னு புஸ்தகத்துல படம் போட்டிருக்காவளா? ஒரு மாப்பிள்ளையப் பாத்து, ஒரு பிள்ளையப் பெத்துட்டு வாங்க டாக்டரம்மா, அப்பொறம் ரெண்டு பேரும் சேந்து தடவிப் பாப்போம்!"

வரிசையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். திரைக்கு வெளியே எழுத்தரும் சிரித்தார். டாக்டரம்மாவின் முகம் செம்பருத்தியாகிவிட்டது. காய்ச்சல் குழாயை உதறிக்கொண்டு, "சரி, உங்களுக்குத்தான் தெரியும்" என்று போய்விட்டார்கள்.

நான் "நல்லது" என்றேன்.

இன்னொன்று. மூக்காயி கையில் ஒரு துண்டுத் துணி. பிள்ளையைச் சுற்றியிருந்த துணியாம். தொம்மை அண்ணாச்சி கேட்டபோது கொடுக்க மாட்டேன் என்று நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இத அவிச்சிராதீக. அவன் வாசம் இதுலதான் இருக்கு. அவிச்சா போயிரும்."

வாங்கி என் மடியில் செருகிக்கொண்டேன்.

"என்ன செசிலி, மடி புடைச்சிருக்கு?" என்றார் அண்ணாச்சி.

"இந்த வயசுல எனக்கு வேற என்ன புடைக்கும் அண்ணாச்சி? வெத்தலப் பைதான்."

அந்தப் பக்கம் போய் அவளிடம் கொடுத்தேன். ஒரு சாண் துணி. அதில் என்ன வந்துவிடப் போகிறது.

மொத்தம் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றும் நல்லது.

11 மார்ச், ஞாயிறு

பூசைக்குப் போனேன். இடுப்பைச் சுற்றித் தெள்ளுக்கடி. சாமியார் பிரசங்கம் நீளமென்றால் நீளம். சொறிந்துகொண்டே கேட்டேன்.

12 மார்ச், திங்கள்

கேம்பில் உள்ளவர்களைத் தினமும் ஒரு நடை பார்க்க வேண்டும். ஆண்கள் பக்கம் இருமல்காரர்கள் அதிகம் என்று டாக்டரம்மா அங்கேயே இருக்கிறார்கள். பெண்கள் ஷெட் என் பொறுப்பு.

மூக்காயிக்கு அடுத்த பாயில் சீனியம்மா என்று ஒருத்தி. நாற்பது வயது. தம்பி குடும்பத்தோடு தோட்டத்துக்குப் போகிறாள். பிள்ளை இல்லை. புருஷன் வேறு கட்டிக்கொண்டானாம். மூக்காயியை அவள்தான் கவனித்துக்கொள்கிறாள். தலை வாருகிறாள், கஞ்சி ஊட்டுகிறாள். மூக்காயி தூங்கும்போது அந்தத் துணியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். ஒரு தரம் முகர்ந்துகூடப் பார்த்தாள். நான் பார்த்துவிட்டேன்.

"என்ன சீனியம்மா, சம்மந்தம் பேசப் போறியா அந்தத் துணிகிட்ட?"

வெட்கப்பட்டு மடித்து வைத்துவிட்டாள். அப்புறம் நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று இருந்தது.

மூக்காயி பாதிக் கஞ்சியை வைத்துவிட்டாள். பால்காய்ச்சல் அப்படித்தான். மூன்று நாள் படுத்தும்.

13 மார்ச், செவ்வாய்

நாற்பத்தொன்று. எல்லாரும் சுகம்.

14 மார்ச், புதன்

மருமகன் எழுதிய கடிதம் வந்தது. ரோசாலிக்குக் கால் வீங்கியிருக்கிறதாம். நாள்தோறும் காலையில் வாசலில் நின்று "அம்மாவுடைய கப்பல் எந்தப் பக்கமிருந்து வரும்" என்று கேட்கிறாளாம். அந்த வாசலிலிருந்து கடலே தெரியாதாம். பைத்தியக்காரி. என் மகள்தானே.

பேரப்பிள்ளைக்கு நாலு சட்டை தைத்தேன். ஒன்று தலை நுழையாத அளவுக்கு வந்துவிட்டது. பொம்மைக்கு ஆகும்.

மதியம் மூக்காயியோடு உட்கார்ந்திருந்தேன். இன்றுதான் வாய் திறந்தாள். பிள்ளைக்கு ஐந்து மாதமாம். குப்புற விழப் பழகிவிட்டானாம்.

"என்ன செஞ்சுது பிள்ளைக்கு?"

"காச்சதான் அக்கா. மூணே நாளு. கழுத்துல இந்தா இங்ஙன ஒரு கட்டி வந்துச்சு. பொன்னுக்கு வீங்கின்னு வசம்பு உரசிப் போட்டோம்."

"வீட்டுல வேற யாருக்கும்…?"

"எங்க மாமியாளுக்கும் வந்துச்சு. அவுக முன்னாடியே போயிட்டாக."

சீனியம்மா கஞ்சிக் கலயத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். மூக்காயி அவள் பக்கம் திரும்பி, ஏதோ வேடிக்கையைச் சொல்லுகிற மாதிரி சொன்னாள்:

"பிள்ளைக்கு ஒடம்புக்கு ஆகறதுக்கு முந்தி எங்க வீட்டுக் கூரையில இருந்து எலி பொத்துப் பொத்துன்னு விழுந்துச்சு. தொட்டில்ல ஒன்னு விழுந்து கெடந்துச்சு. பூனை இல்லாமலே எலி சாகுதேன்னு எங்க மாமியா சந்தோசப்பட்டாக."

 எழுந்து வந்துவிட்டேன்.

டாக்டரம்மா வழியில் வந்தார்கள். "அந்தப் பால்கட்டுப் பொண்ணு எப்படி இருக்கு?" என்றார்கள்.

"நல்லாயிருக்கா" என்றேன்.

எலிகள் எதற்கெல்லாமோ சாகும். பஞ்ச காலத்தில் சாகாதா? விஷம் வைத்தால் சாகாதா?

15 மார்ச், வியாழன்

மூக்காயிக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டேன். கோலிக்குண்டு இப்போது எலுமிச்சங்காய். கையை உடம்போடு சேர்க்க முடியவில்லை, விரித்தே வைத்திருக்கிறாள். எனக்கும் எலுமிச்சங்காய் அளவு இருந்தது என்று சொன்னேன் அல்லவா. இருந்தது. ஆனால் எனக்குக் கட்டியபோது ஒரு நாளில் இளகிவிட்டது. ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

வாசலோரம் காற்று அடிக்கிறதென்று அவளை ஷெட்டின் மூலைக்கு மாற்றினேன். சீனியம்மாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடவே வந்தாள். குறுக்கே ஒரு பழைய சேலையைக் கட்டினேன்.

"எதுக்குக்கா திரை?" என்றாள் சீனியம்மா.

"மகாராணி படுத்திருக்கால்ல."

மூக்காயி சிரித்தாள். கண் சிவந்திருந்தது. குடித்தவள் மாதிரி பேச்சுக் குழறுகிறது. என்னைப் பார்த்து "அத்தை, தொட்டிலை ஆட்டுங்க" என்றாள்.

ஆட்டினேன். வெறுங்காற்றைத்தான் ஆட்டினேன்.

குந்திக் குந்தி வலது தொடை பிடித்துக்கொண்டது. வெயிலில் நின்றும் குளிருகிறது. பெட்டி கட்டிவிட்டேன். நாளை மறுநாள் கப்பல்.

16 மார்ச், வெள்ளி

பயணத்துக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்துவிட வேண்டும் என்று கோயிலுக்குப் போனேன். வரிசையில் நிற்க முடியவில்லை, தூணில் சாய்ந்துகொண்டேன்.

பொய் சொன்னேன் சாமி என்றேன். ஊர்வம்பு பேசினேன் என்றேன். கல்யாணமாகாத பிள்ளையை நாலு பேர் முன்னால் கேலி செய்தேன் என்றேன்.

"வேற ஏதும் உண்டா?"

சாமியாரின் மூச்சு கேட்டது. வெளியே யாரோ இருமினார்கள்.

"இல்ல சாமி."

மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். இரண்டு சொன்னேன். மூன்றாவதில் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று மறந்துவிட்டது. பிறந்ததிலிருந்து சொல்லுகிற மந்திரம்.

டாக்டரம்மாவிடம், "மூக்காயிக்கு வயித்தோட்டம், அடுத்த கப்பல்ல போகட்டும்" என்று சொல்லிவைத்தேன். "நாளைக்குக் கப்பலை அனுப்பிட்டு முதல் வேலையா அவளைப் பாக்கிறேன்" என்றார்கள். நாளைக்கு அப்போது நான் கடலில் இருப்பேன்.

17 மார்ச், சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் கடைசிச் சோதனை. மூக்காயி நீங்கலாக நாற்பது பேர். நான் புதுச் சேலை கட்டியிருந்தேன். "அக்காவும் எங்களோட வாராகளாம்" என்று எல்லாருக்கும் குஷி. நானும் பேசினேன். வாய் தன்பாட்டில் பேசியது. ஒன்று, இரண்டு, பத்து, இருபது. நல்லது, நல்லது.

முப்பத்தேழாவது சீனியம்மா. கையைத் தூக்கச் சொல்லுமுன் தானாகத் தூக்கினாள். அக்குளில் இருந்தது.

கோலிக்குண்டு அளவு. தொட்டதும் சுளித்தாள்.

"என்னக்கா?" என்றாள்.

"எப்பயிலிருந்து இது?"

"நேத்து இருந்துதான். கொடம் தூக்குனதுல புடிச்சிருக்கும். சரியாப் போயிரும்ல?"

இவளுக்கு ஏது பால்? பிள்ளையே பெறாத உடம்பு. என்ன பேர் வைப்பேன் இதற்கு? திரைக்கு வெளியே எழுத்தர் பேனாவைத் தட்டினார். "சீனியம்மா… செசிலியக்கா, சீனியம்மா என்னாச்சு?"

நான் குரல் கொடுக்காவிட்டால் டாக்டரம்மா வருவார்கள். கப்பல் நிற்கும். எல்லாரையும் உள்ளே போட்டுப் பூட்டுவார்கள். என்னையும்தான். எத்தனை நாள் என்று யாருக்குத் தெரியும். ரோசாலிக்கு நாள் நெருங்கிவிட்டது.

"நல்லது" என்றேன்.

என்னைத் தடவிப் பார்க்க யாரும் இல்லை. கேம்பு ஆளுக்கு என்ன சோதனை? படகு ஏறுகிற பாலத்தின் முனையில் டாக்டரம்மா நின்றார்கள். என் கையைப் பிடித்து, "பேரனோ பேத்தியோ, தந்தி அடிக்கச் சொல்லுங்க. சீக்கிரம் வந்துருங்க, நீங்க இல்லாம எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி" என்றார்கள். "கை சுடுதே?" என்றும் கேட்டார்கள். "வெயில்" என்றேன்.

தோணிமுனையில் கரை ஆழமில்லை. கப்பல் தூரத்தில் நிற்கும், லாஞ்சு என்கிற சின்ன நீராவிப் படகில்தான் போக வேண்டும். முதல் லாஞ்சில் இருபது பேரும் நானும் ஏறினோம். சீனியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியில் பேரப்பிள்ளைச் சட்டைகளை வைத்திருந்தேன். பெட்டிக்குள் கசங்கும் என்று கையிலேயே கொண்டுவந்தேன். அவள் ஒரு சட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

லாஞ்சு கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, ஒன்னு கேட்டாக் கோவிச்சுக்கிற மாட்டீகளே?"

"கேளு."

"எனக்கு யாரும் பிள்ளையக் கையில குடுக்க மாட்டாக. மலடி கண்ணு பட்டுருமாம். ஏந் தம்பி பொண்டாட்டியே குடுத்ததில்ல. கொழும்புல எறங்கி ரெண்டு நா கங்காணி அங்ஙனதான் தங்க வப்பாராம். ஒங்க பேரப்பிள்ள பொறந்துச்சுன்னா… ஒரு தடவ, ஒரே ஒரு தடவ ஏம் மடியில போடுவீகளா? தூக்கிப் பாத்துட்டுக் குடுத்துருவேன்."

மடியை விரித்துக் காட்டினாள். இந்த அளவு இடம் போதும் என்கிற மாதிரி.

நான் அந்த மடியைப் பார்த்தேன். பிறகு என் மடியைப் பார்த்தேன். இடுப்பிலிருந்து தொடை வரை விண்விண்ணென்று தெறித்தது. மூன்று நாளாகத் தெறிக்கிறது. எந்த மடியில் போடுவேன் பிள்ளையை? அவள் மடியிலா, என் மடியிலா?

எழுந்து நின்றேன். லாஞ்சு ஆடியது.

"சாரங்கே, திருப்பும் லாஞ்ச!"

"என்னக்கா, வெத்தலப் பைய மறந்துட்டியளா?" என்றார் லாஞ்சு ஓட்டுகிற சாரங்கு. எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒன்றைச் சொன்னால் சிரிக்க வேண்டும் என்று இந்தத் துறைமுகமே பழகியிருக்கிறது.

"வெளையாட்டு இல்ல. இந்த லாஞ்சுல பிளேக்கு இருக்கு. திருப்பும்."

இன்னும் இரண்டு பேர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சாரங்கு என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சக்கரத்தைத் திருப்பினார்.

"யாருக்கு?" என்றாள் ஒருத்தி. யார் யாரோ நகர்ந்து உட்கார்ந்தார்கள். சீனியம்மா மட்டும் நகரவில்லை. விரித்த மடியை மெல்லச் சேர்த்துக்கொண்டாள்.

"எனக்கா அக்கா?" என்றாள்.

"ஒனக்கும்" என்றேன்.

18 மார்ச், ஞாயிறு

கம்பி வேலிக்கு இந்தப் பக்கத்துக் குடிசை. ஒற்றைக் குடிசையாக இருந்தது, இப்போது பக்கத்தில் இரண்டு கூடாரம் போட்டிருக்கிறார்கள். பூசைக்கு மணி அடிப்பது கேட்கிறது.

மூக்காயி நேற்று மதியமே போய்விட்டாள். நாங்கள் லாஞ்சில் இருந்த நேரம். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

கேம்பு வாசலைப் பூட்டிவிட்டார்கள். கப்பல் சரக்கை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னை ஏசாத பெண் இல்லை. "மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க தனியா இருந்திருப்போம்ல! ஒம் மகளப் பாக்கப் போறதுக்கு எங்க உசிருதானா கெடச்சுது?" என்று ஒருத்தி மண்ணை வாரி வீசினாள். காற்று அவள் பக்கமே திருப்பிவிட்டது. வேறு நாளாக இருந்தால் அதற்கு நான் ஒன்று சொல்லியிருப்பேன்.

டாக்டரம்மா வந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். துணி, கூரை எலி, மஞ்சள் பற்று, சீனியம்மாவின் கட்டி, எல்லாம். எழுதிக்கொண்டே வந்தவர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள்.

"அன்னிக்கு நான் கேட்டேனே செசிலியம்மா. நாலு நாள் தனியா வச்சுப் பாப்போம்னு சொன்னேனே. என்னை நாலு பேருக்கு முன்னால சிரிப்பாக்கி அனுப்பிட்டீங்களே."

"ஆமா டாக்டரம்மா."

"நானும் போயிட்டேனே. வெக்கப்பட்டுக்கிட்டுப் போயிட்டேனே."

என்னைத் திட்டுவார்கள் என்று பார்த்தால் தன்னையே திட்டிக்கொள்கிறார்கள். அது எனக்குத் தாங்கவில்லை.

"உங்களுக்கு எங்க இருக்கு?" என்றார்கள். காட்டினேன். அவர்கள் விரல் நல்ல குளிர்ச்சியாக இருந்தது. மெல்லத் தடவினார்கள். 

19 மார்ச், திங்கள்

சீனியம்மா அடுத்த கட்டிலில். என்னை ஏசவே இல்லை. "லாஞ்ச திருப்புனீகளே, அது போதும்" என்றாள். போதாது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

தொம்மை அண்ணாச்சி வேலியோரம் நின்று, "செசிலி, என்ன வேணும் உனக்கு?" என்று கத்தினார். கையை ஆட்டி அனுப்பிவிட்டேன்.

20 மார்ச், செவ்வாய்

அடுத்த கட்டிலை எடுத்துவிட்டார்கள்.

21 மார்ச், புதன்

தந்தி வந்திருக்கிறது. டாக்டரம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று வாசித்தார்கள்.

பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். அம்மா எந்தக் கப்பல்?

"தலையில முடி இருக்காமா?" என்றேன்.

"தந்தியில அதெல்லாம் போட மாட்டாங்க செசிலியம்மா."

"கஞ்சப் பய, எம் மருமகன். ஒரு வார்த்தை கூடப் போட்டா என்னவாம்."

டாக்டரம்மா சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்கள். பிறகு பென்சிலை எடுத்து, பதிலுக்கு என்ன எழுத என்று கேட்டார்கள். ஷெட்டில் இருக்கிற மற்றவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டேன். இரண்டு பேருக்குக் காய்ச்சல். மற்றவர்கள் தாண்டிவிடுவார்கள் போலிருக்கிறது என்றார்கள். மெய்யோ பொய்யோ, அவர்கள் இப்போது என்னைவிட நன்றாகச் சொல்லப் பழகிவிட்டார்கள்.

"பால் நிறைய இருந்தா கட்ட விடாம பீச்சி விடச் சொல்லுங்க. அம்மா அடுத்த கப்பல்ல வாரான்னு போடுங்க. பேரு வைக்க வேண்டாம், நான் வந்துதான் வைப்பேன்னு போடுங்க."

எழுதினார்கள். வாசித்துக் காட்டினார்கள். ஜன்னலை விட்டு நகர்ந்து வேலி வரைக்கும் போய்விட்டார்கள்.

கூப்பிட்டேன். குரல் வரவில்லை. தண்ணீர்க் குவளையைத் தட்டினேன், திரும்பி வந்தார்கள்.

"பேர் வைக்கிற வரிய மட்டும் அடிச்சிருங்க டாக்டரம்மா. அவளே வைக்கட்டும்."